கருவாட்டில் சீனி

என் அப்பா கையெழுத்துப் போடும்போது பாதியில் நின்றுவிடுவார். தன் பெயரை எழுதிவிடுவார், அதில் தகராறு இல்லை. அதற்குப் பிறகு, இன்னார் மகன் என்பதற்கு மலாயில் 'ஏ எல்' என்று போட்டு அப்பன் பெயரை எழுத வேண்டும் அல்லவா, அங்கே வந்ததும் பேனா நின்றுவிடும். மூக்கால் ஒரு மூச்சு விட்டு, கோழி கிண்டிய மாதிரி ஏதோ கிறுக்கி வைப்பார். வங்கியிலும் கிளினிக்கிலும் அந்தக் கிறுக்கலால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. "அங்கிள், அப்பா பேர் சரியா தெரியல, திரும்ப எழுதுங்க" என்று கவுண்டரில் யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "தெரியாமலே இருக்கட்டும்" என்பார்.

அப்பாவின் பெயர் புனிதன். அவருடைய அப்பா பெயர் சடையன். கோல சிலாங்கூர் பக்கத்து ஆத்தோரத் தோட்டத்தில் ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். அப்பாவுக்கு மூன்று வயதாக இருக்கும்போது, தோட்டத்து வேலையை விட்டுவிட்டுப் பத்து ஆராங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார். தீபாவளிக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம். அந்தத் தீபாவளிக்கும் வரவில்லை, அடுத்த எந்தத் தீபாவளிக்கும் வரவில்லை.

அது வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். நினைத்தவுடன் பஸ் ஏறி ஓர் ஊருக்குப் போய் விசாரிக்கிற காலம் இல்லை. அப்பாவின் அம்மா நாகமணி, தோட்டத்து லோரிக்காரர் ஒருவரிடம் சொல்லி அனுப்பினார். அவர் சுரங்க வாசலில் கேட்டுவிட்டு வந்து, "சடையன்னு ஒரு பேரே அங்க பதியல" என்றார். அதற்குள் தோட்டத்தில் ஒரு புண்ணியவான், பத்து ஆராங் சந்தையில் சடையனை ஒரு பெண்ணோடு பார்த்ததாகக் கதை கட்டிவிட்டான். அத்தோடு முடிந்தது. சடையன் ஓடிப்போனவன் ஆனார். ஆம்பளை இல்லாத வீட்டுக்குத் தொழிலாளர் லயத்தில் அறை இல்லை என்று வேலை வாங்குகிற மண்டோர் சொல்ல, நாகமணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சோங் காராங் போகும் சாலையில் இன்னொரு தோட்டத்துக்குப் போனார்.

தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்றே தெரியாமல் அவர் கடைசிவரை அதைப் போட்டுக்கொண்டிருந்தார். செத்தபோது மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துத்தான் அனுப்பினோம். "ஓடுனவனுக்கு ஒரு மஞ்சக் குங்குமம்" என்று அப்பா சுடுகாட்டிலேயே சொன்னார். நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளை. பெரியவர்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது.

நாகமணி புருஷனைப் பற்றிச் சொன்னதெல்லாம் குற்றப்பத்திரிகைதான். குறட்டை விடுவான். கிணற்றடியில் பாடுவான். எல்லாவற்றுக்கும் மேலே, கருவாட்டில் சீனி தூவிச் சாப்பிடுவான். பொரித்த கருவாட்டின் மேல் வெள்ளைச் சீனியை விபூதி மாதிரி தூவிக்கொண்டு, சோற்றோடு பிசையாமல் தனியாகக் கடித்துத் தின்பானாம். "கருவாட்டுக்குச் சீனி கேக்கிற மனுசனை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்பது அவருடைய பேச்சு. அப்பா ஏழெட்டு வயதில் ஒருநாள், யாரும் சொல்லித்தராமலே கருவாட்டில் சீனி போட்டிருக்கிறார். நாகமணி அவர் கையில் ஓங்கி ஓர் அடி வைத்து, "ஓடிப்போனவன் புத்தி" என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டாராம். அதற்குப் பிறகு அப்பா கருவாட்டைத் தொட்டதே இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் உண்டு. யாருக்கு எது பிடிக்குமோ அதை இலையில் வைப்போம். நாகமணிக்கு ஆட்டுக்கறியும் வெற்றிலையும். போன வருடம் செத்த என் அம்மாவுக்கு மீ கோரேங் நூடுல்ஸ். சடையனுக்கு இலை கிடையாது. உயிரோடு இருக்கிறவனுக்கு எவன் இலை போடுவான் என்று அப்பா கேட்பார். உயிரோடு இருந்தால் நூறு வயது தாண்டியிருக்கும் என்று நான் சொன்னால், "நல்லாதானே இருந்திருப்பாரு, கவலை இல்லாத மனுசன்" என்பார்.

இந்த வருடம் அப்பாவுக்கு இருதயத்தில் அடைப்பு. குழாய் வைத்தார்கள். ஏற்கெனவே இனிப்பு நீர் வியாதி வேறு. ஆஸ்பத்திரியில் மாத்திரை மயக்கத்தில் இருந்தவர் திடீரென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"கங்கா, அந்த ஆளு செத்தாரா இருந்தாரா, அது எனக்கு வேணாம். என்னைப் பார்த்து, இது வேணாம்னு முடிவு பண்ணிட்டுப் போனாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும்."

எழுபத்தேழு வயது ஆள் கேட்கிற கேள்வியா அது? மூன்று வயதுப் பிள்ளை கேட்டதுபோல் இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இவரை இப்படிக் கேட்க வைத்த ஆளைக் குழியிலிருந்தாவது தோண்டி எடுத்து நான்கு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

நான் செம்பனைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. காகிதத்தைத் தோண்டுவது என் பிழைப்பு. ஆத்தோரத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது, அங்கிருந்தவர்கள் மூலைக்கு ஒருவராய்ப் போய்விட்டார்கள். கிடைத்தவர்களை எல்லாம் போனில் பிடித்தேன். கோயில்களில் கேட்டேன். பழைய பத்திரிகைகளைப் பார்த்தேன். கடைசியில் பேஸ்புக்கில், பத்து ஆராங் சுரங்கத்தில் செத்தவர்களின் குடும்பங்கள் கூடுகிற குழு ஒன்றில் சேர்ந்தேன். அதை நடத்துகிறவர் கோகிலன் என்ற பள்ளி ஆசிரியர். அவருடைய தாத்தாவின் தம்பி அந்தச் சுரங்கத்தில் மண் சரிந்து செத்தவர். காலையில் பூப் படம் போட்டு வணக்கம் சொல்கிற கூட்டம்தான் அங்கே அதிகம் என்றாலும், கோகிலன் காரியக்காரர். செத்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தார்.

அதில் சடையன் இல்லை. முன்னும் பின்னும் பத்து வருடம் தேடிப் பார்த்தும் இல்லை என்றார்.

"பேர் இல்லாட்டியும் வாங்கக்கா" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். "தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, மொத மொதல்ல எல்லா குடும்பமும் அங்கயே எலை போடுறோம். பழைய ஆளுங்க பிள்ளைங்க வருவாங்க. யாருக்காச்சும் தெரிஞ்சிருக்கும்."

அப்பாவிடம் சொன்னேன். வரமாட்டேன் என்றார். ஒரு வாரம் முழுக்க வரமாட்டேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் சவரம் செய்த முகமுமாக வாசலில் நின்றார்.

"வேடிக்கை பார்க்கத்தான் வரேன்" என்றார்.

புக்கிட் ரோத்தான், ஈஜோக் தாண்டி, அப்பா இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா வழியாகப் போனோம். வழி முழுக்கச் செம்பனை. பத்து ஆராங்குக்குள் நுழையும்போது அப்பா, "இவ்ளோ பக்கமா?" என்றார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டா ஓர் ஆள் வராமல் போனார் என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

பழைய புகைபோக்கிக்கு அருகே திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். பெரிய மழைமரம் ஒன்றின் நிழலில் நீளமாகத் தார்ப்பாய் விரித்து, குடும்பம் குடும்பமாக இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழிக் குழம்பு, முட்டை, சுருட்டு, ஸ்டவுட் பாட்டில். ஒவ்வோர் இலைக்குப் பக்கத்திலும் பெயர் எழுதிய அட்டை. நானும் டிபன் கேரியரில் கொஞ்சம் சோறும் கறியும் கொண்டு போயிருந்தேன். அதை வெளியே எடுக்க வேண்டாம் என்று அப்பா கையைக் காட்டினார்.

கோகிலன் மைக்கைப் பிடித்தார். பெயர்கள் எப்படிக் கிடைத்தன என்று சொன்னார். சுரங்கத்துக்குள் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் எண் போட்ட பித்தளைத் தகடு ஒன்று உண்டாம். அதை வாசலில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். கூரை இடிந்து விழுந்த நாட்களில், பலகையில் மாட்டியபடியே இருந்த தகடுகளைப் பார்த்துத்தான் உள்ளே போனவர்கள் யார் யார் என்று எழுதினார்களாம். அதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு பெயராக வாசித்தார். பெயர் வந்ததும் அந்தக் குடும்பம் எழுந்து போய்த் தங்கள் இலையில் கற்பூரம் ஏற்றியது. சிலர் அழுதார்கள். எழுபது வருடத்துக்கு முன்னால் செத்தவருக்கு, அவர் முகத்தைப் பார்த்தே இராதவர்கள் அழுதார்கள்.

இல்லை என்று தெரிந்தும் நான் ஒவ்வொரு பெயருக்கும் காது கொடுத்தேன். அப்பாவும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த ஆள் அப்படிக் கேட்க மாட்டார். கடைசிப் பெயரும் முடிந்தது. சடையன் வரவில்லை.

அப்பா எழுந்தார். "கார்ல இருக்கேன்" என்றார்.

"அப்பா, இருங்க. நாலு பேர்கிட்ட விசாரிச்சிட்டு..."

"செத்தவங்க பேரு முடிஞ்சுபோச்சும்மா. உயிரோட போன ஆளை இங்க யாரு வாசிப்பாங்க?"

மெதுவாக நடந்து போய்க் கார்க் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. குழாய் வைத்த நெஞ்சோடு இருக்கிற ஆளை இங்கே இழுத்து வந்து, ஊரார் அப்பன்களெல்லாம் கௌரவமாகச் செத்திருக்கிறார்கள், உன் அப்பன் மட்டும்தான் ஓடியவன் என்று மைக் வைத்துச் சொன்னதுபோல் ஆகிவிட்டது. கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போது தார்ப்பாயின் ஓரத்தில் கோகிலனை ஓர் அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். நெல் வயலில் காய்ந்த நிறம், கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"தம்பி, சன்னாசின்னு வாசிச்சீங்களே, அவரு எங்கப்பா. அந்தப் பேரை எடுத்துடுங்க. அவரு அன்னிக்குச் சாகல."

கோகிலன் திகைத்துப்போய், "ரெக்கார்டுல அப்படித்தான் இருக்கு ஆன்ட்டி" என்றார்.

"ரெக்கார்டு கிடக்குது. எங்கப்பா அதுக்கப்புறம் நாப்பது வருசம் இருந்தாரு. நான் பொறந்ததே அதுக்கப்புறம்தான். என்னை வெச்சிக்கிட்டே அவரு செத்துட்டாருன்னு வாசிக்கிறீங்களே."

கோகிலன் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாளின் காலடியில் இருந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயர் அட்டை இல்லாத இலை. சோறு, சாம்பார், அப்பளம். ஓரத்தில் பொரித்த கருவாடு இரண்டு துண்டு. அதன் மேல் வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது. உப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கருவாட்டுக்கு எவள் உப்புப் போடுவாள்? குனிந்து பார்த்தேன்.

சீனி.

"அம்மா, இது யாரு எலை?" என்றேன்.

"அதைத்தான் இந்தத் தம்பிகிட்ட சொல்லிக்கிட்டு இருக்கேன். எங்கப்பாவுக்குப் பதிலா எறங்கிச் செத்தவரு எலை. வருசா வருசம் எங்க வீட்டுல போடுவோம். எங்கப்பா போட்டாரு, இப்ப நான் போடுறேன்."

"கருவாட்டுல சீனி?"

"அவருக்கு அப்படித்தான் வேணுமாம். ஆளுங்க ஒண்ணா தங்கியிருந்த கொங்சியில எல்லாரும் சிரிப்பாங்களாம், அவரு பாட்டுக்குச் சாப்பிடுவாராம். அப்பா சாகும்போதுகூட, சீனியை மறந்துடாதேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு."

"அசையாம இங்கயே இருங்கம்மா, எங்கயும் போயிடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். ஐம்பது வயதுக்கு மேல் நான் ஓடியது அன்றுதான். காரின் கதவைத் திறந்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வாங்க. ஒரு எலையைப் பாருங்க."

"ஊரான் எலையைப் பார்த்து நான் என்ன பண்ண?"

"நீங்க வந்து பாருங்க, அப்புறம் என்னைத் திட்டுங்க."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். இலைக்கு முன்னால் நிறுத்தினேன். அப்பா சோற்றைப் பார்த்தார், அப்பளத்தைப் பார்த்தார். பிறகு கருவாட்டைப் பார்த்தார். பார்த்த இடத்திலேயே கண் நின்றது. வலது கையை இடது கையால் மூடிக்கொண்டார். அடி வாங்கிய கை அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

"உக்காருங்கண்ணே" என்றார் அந்த அம்மாள். தன் பெயர் கண்மணி என்றும், சுங்கை புரோங்கிலிருந்து வருவதாகவும் சொன்னார். அப்பா உட்கார்ந்தார்.

"எந்த ஊரு ஆளு இவரு?" என்று கேட்டார். என்னைப் பார்த்து, நீ பேசாதே என்று கண்ணால் சொன்னார்.

"கோல சிலாங்கூர் பக்கம், ஆத்தோரத் தோட்டம். பால் வெட்டுற ஆளு. இங்க வந்து கொஞ்ச நாளுதான். உள்ள எறங்குற வேலைகூட கிடையாது, மேல கரி அள்ளிப் போடுறது, கூப்பிட்டா உண்டு. பேரே எங்கயும் பதியல. எங்கப்பாவுக்குப் பக்கத்துப் படுக்கை. தீபாவளி நெருங்குது, அப்பாவுக்கு நல்ல காய்ச்சல். வேலைக்குப் போகலன்னா பேரை அடிச்சிடுவாங்க, கொங்சியை விட்டும் போகணும். 'நீ படு சன்னாசி, உன் தகட்டை மாட்டிட்டு நான் எறங்குறேன்'னு இவரு போயிட்டாரு. அன்னிக்குத்தான் கூரை எறங்குச்சு. எல்லாரையும் ஒண்ணாத்தான் பொதைச்சாங்களாம்."

"உங்கப்பா ஏன் சொல்லல?"

கண்மணி டப்பா மூடியைத் திருகித் திருகி மூடினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"பயம், அண்ணே. தகட்டை மாத்திக் குடுத்தது குத்தம். அவசரகாலம் வேற, புடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். ராவோட ராவா தஞ்சோங் காராங் வந்துட்டாரு. அப்புறம் பயம் போச்சு, வெக்கம் வந்துடுச்சு. இத்தனை வருசம் கழிச்சு எந்த மூஞ்சியோட போறதும்பாரு. தேடல அண்ணே. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன்."

"தஞ்சோங் காராங்" என்று அப்பா சொன்னார். "நாங்க வளர்ந்ததும் அந்தப் பக்கம்தான். உங்கப்பா ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்கம்மா..."

கோபம்தான். நியாயமான கோபம். எனக்கும் அந்தச் சன்னாசியின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. கண்மணி, அப்பா சொன்னதில் பாதியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"உங்கம்மாவா? அண்ணே, நீங்க யாரு? இவரை உங்களுக்குத் தெரியுமா?"

"இவரு பேரு என்னன்னு சொன்னாங்க உங்க வீட்டுல?" என்று அப்பா கேட்டார்.

"பேரு அப்பாவுக்கே தெரியாது அண்ணே. கொங்சியில யாரும் அவரைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். எந்நேரமும் தோட்டத்துல விட்டுட்டு வந்த பையனைப் பத்தியே பேச்சாம். பையன் நடந்தான், பையன் பேசினான், பையனுக்கு என்னை மாதிரியே காதுன்னு. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அந்தப் பையன் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் அவரைக் கூப்பிடுவாங்களாம். எங்க வீட்டுலயும் அப்படித்தான். படைக்கும்போது, 'புனிதன் அப்பா, வந்து சாப்பிடுங்க'ன்னு சொல்வோம்."

பக்கத்துக் குடும்பம் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் முதுகைத் தடவினேன். இருதயம், இருதயம் என்று ஒரு பக்கம் பயம், ஆனாலும் அழட்டும் என்று விட்டேன். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன்.

"அண்ணே?" என்றார் கண்மணி.

நான்தான் சொன்னேன். "எங்கப்பா பேரு புனிதன்."

கண்மணி குனிந்து அப்பாவின் காலைத் தொட்டார். அப்பா பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். கோகிலன் மைக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம்தான் முதலில் பேசினார். "அவரு பேரை என் பேருக்குப் பின்னால எழுத மாட்டேன்னு ஊரெல்லாம் சண்டை போட்டேன் கங்கா. அவரு என் பேரை வெச்சிக்கிட்டு இருந்திருக்காரு பாரேன்."

எனக்கு அப்போது வந்தது அழுகையைவிடப் பெரிய நிம்மதி. பல வருடமாக மடக்கி வைத்திருந்த காலை நீட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இவர் வேண்டாத பிள்ளை இல்லை. கேட்டவன் காது புளிக்கப் பேசப்பட்ட பிள்ளை. சந்தையில் ஒரு பெண்ணோடு பார்த்தேன் என்று சொன்ன புண்ணியவான் இன்று இருந்திருந்தால், காரை நேரே அவன் வீட்டுக்குத்தான் விட்டிருப்பேன்.

கோகிலன் காகிதத்தை எடுத்தார். சன்னாசியின் பெயரை அடித்தார். "அங்கிள், அவர் பேரு?"

"சடையன்" என்றார் அப்பா. நின்று நிதானமாக, வங்கிக் கவுண்டரில் இருப்பவருக்குச் சொல்வதுபோல் சொன்னார். "ச, டை, யன். சரியா எழுதுங்க தம்பி. பக்கத்துல புனிதன் அப்பான்னும் போட்டுடுங்க. இங்க உள்ளவங்களுக்கு அப்படிச் சொன்னாத்தான் தெரியும்."

கோகிலன் மைக்கில் அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்தார். அப்பா எழுந்து போய்க் கற்பூரம் ஏற்றினார். தீக்குச்சி இரண்டு முறை அணைந்தது. கண்மணி காற்றுக்குக் கையால் அணை கொடுத்தார்.

கிளம்பும்போது கண்மணி அந்த இலையை அப்படியே மடித்து அப்பாவிடம் நீட்டினார். "இனிமே இது உங்க வீட்டு எலை அண்ணே. நான் போடலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அப்பா இலையை வாங்கிக்கொண்டார். சன்னாசிமேல் இருந்த கோபம் அதற்குள் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அது முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "போடும்மா. எங்க வீட்டுல அவருக்கு இத்தனை வருசம் யாரு சோறு வெச்சா? நீங்கதானே வெச்சீங்க" என்றார். "உங்கப்பாவுக்கும் ஒண்ணு சேர்த்துப் போடு."

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டுப் படையலில் மூன்று இலை போட்டேன். அம்மாவுக்கு ஒன்று. நாகமணிக்கு ஒன்று, அதை ஒட்டினாற்போல் சடையனுக்கு ஒன்று. சடையனுக்குப் படம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் காதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அதைச் சொன்னேன். "நான்தான் இருக்கேனே, என்னைப் பார்த்துக்கச் சொல்லு" என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

கருவாட்டை நான் பொரித்தேன். சீனி டப்பாவை அப்பாவே எடுத்தார். இனிப்பு நீர்க்காரர் கையில் சிக்கக் கூடாது என்று நான் ஒளித்து வைக்கிற இடம் அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இரண்டு விரலால் எடுத்து, நிதானமாகத் தூவினார். பிறகு நாகமணியின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மஞ்சளும் குங்குமமும் வைத்த படம்.

"அம்மா, அவரு ஓடல" என்றார். "வேலைக்குப் போனாரு. அவ்வளவுதான்."

படைத்து முடித்ததும் சடையனின் இலைக்கு முன்னால் அவரே உட்கார்ந்தார். கருவாட்டைச் சோற்றில் பிசையாமல் தனியாக எடுத்துக் கடித்தார். கண்ணை மூடி மென்றார். நான் டாக்டர் சொன்னதை எல்லாம் நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"நல்லாத்தான் லா இருக்கு" என்றார். "அந்த டப்பாவை இப்படிக் குடு."

கொடுத்தேன்.